செஷம் – அமர்ஷம்: லண்டன் ரயில் முடியும் இடத்தில் ஒரு தொகுதி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லண்டன் பாதாள ரயில் வரைபடத்தின் இடது மேல் மூலையைப் பாருங்கள். மெஜந்தா நிறத்தில் ஓடும் மெட்ரோபாலிட்டன் தடம் அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அமர்ஷத்திலும் இன்னொன்று செஷத்திலும் போய் நிற்கும். அந்த இரண்டு ஊர்களின் பெயரில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் செஷம் – அமர்ஷம் தொகுதி இருக்கிறது. 2021 இடைத்தேர்தலுக்குப் பிறகு இங்கிலாந்து அரசியலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பெயர் வந்துவிடுகிறது. லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நண்பர்களும், ஊரிலிருந்து செய்தி படிக்கிறவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தத் தொகுதி சரியாக எங்கே இருக்கிறது?

லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில். செஷம் ரயில் நிலையத்துக்கும் லண்டனின் மையமான சேரிங் கிராஸுக்கும் சுமார் 40 கிலோமீட்டர். லண்டனைச் சுற்றி வளைக்கும் எம்25 நெடுஞ்சாலையைத் தாண்டியதும் சில்டர்ன் குன்றுகள் தொடங்கிவிடும். சுண்ணாம்புப் பாறையால் ஆன தாழ்ந்த குன்றுகள், இடையிடையே பள்ளத்தாக்குகள், பீச் மரக் காடுகள். 1965-லேயே இந்தக் குன்றுகளை இயற்கை எழில் மிக்க பகுதியாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள்.

பெரிய ஊர்கள் செஷமும் அமர்ஷமும். அவற்றோடு லிட்டில் சால்ஃபான்ட், சால்ஃபான்ட் செயின்ட் கைல்ஸ், சால்ஃபான்ட் செயின்ட் பீட்டர். மீதியெல்லாம் பண்ணைகளும் காடுகளும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய ஒடுங்கிய சந்துச் சாலைகளும். 2024 தேர்தலுக்கு முன் எல்லைகளைக் கொஞ்சம் மாற்றி வரைந்தார்கள். ஆனால் தொகுதியின் மையம் அதே இரண்டு ஊர்கள்தான்.

இது புறநகரா, கிராமமா?

இரண்டும்தான். எப்படி இரண்டுமாக ஆனது என்பது ரயிலின் கதை.

மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1889-ல் செஷத்துக்கும் 1892-ல் அமர்ஷத்துக்கும் வந்தது. மற்ற ரயில் நிறுவனங்களுக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு இருந்தது. பாதை போட வாங்கிய நிலத்தில் மிஞ்சியதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வீடு கட்டி விற்கலாம். 1915-ல் ‘மெட்ரோ-லேண்ட்’ என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். லண்டனில் வேலை பாருங்கள், பசுமைக்கு நடுவே குடியிருங்கள், நடுவில் எங்கள் ரயிலில் ஏறுங்கள் என்பதுதான் அந்த விளம்பரங்களின் சாரம். முதல் உலகப் போருக்குப் பின் இந்தத் தடம் நெடுக வீடுகள் எழும்பின.

அமர்ஷத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ரயில் மேட்டில் போனதால் நிலையத்தைச் சுற்றி மேட்டிலேயே ஒரு புது ஊர் வளர்ந்தது. பள்ளத்தாக்கில் இருந்த பழைய அமர்ஷம் அப்படியே தங்கிவிட்டது. அதன் நெடுந்தெருவின் நடுவே 1682-ல் கட்டிய செங்கல் சந்தை மண்டபம் வளைவுக் கால்களில் இன்றும் நிற்கிறது. கீழிருந்து நிலையத்துக்கு ஏறி வந்தால், பத்து, பதினைந்து நிமிட நடையில் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிடுவீர்கள்.

அப்படியானால் வீடுகள் ஏன் செஷம் வரை தொடர்ச்சியாகப் பரவவில்லை? இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 1947 நகர்த் திட்டமிடல் சட்டமும், லண்டனைச் சுற்றியுள்ள நிலத்தில் புதுக் கட்டடங்கள் எழாமல் தடுக்கும் ‘பசுமை வளைய’க் கொள்கையும்தான் காரணம். வீடுகள் நகர்ந்து வந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டன. சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமர் நிலையத்தை விட்டால் செஷம் வரை 6.26 கிலோமீட்டருக்கு வேறு நிலையமே கிடையாது. பாதாள ரயில் அமைப்பில் அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையே இவ்வளவு நீண்ட தூரம் வேறெங்கும் இல்லை. ஒற்றைத் தண்டவாளம், இரண்டு பக்கமும் மரங்களும் வயல் சரிவுகளும். வண்டி மெதுவாக வளைந்து செஷத்துக்குள் நுழையும்போது, நீராவி எஞ்சின் காலத்துத் தண்ணீர்த் தொட்டியும் சமிக்ஞை அறையும் நடைமேடைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். லண்டன் பாதாள ரயிலில்தான் வந்தோமா என்ற ஐயம் முதல் தடவை வருகிற எல்லோருக்கும் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ரயிலை நடத்துவது லண்டன் மேயரின் பொறுப்பில் உள்ள போக்குவரத்துக் கழகம். இந்த ஊர்க்காரர்களோ லண்டனுக்கு வெளியே இருப்பதால் மேயர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. தினமும் ஏறும் ரயிலின் கட்டணத்தையும் நேரத்தையும் முடிவு செய்கிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இவர்களுக்கு இல்லை.

எல்லோரும் பணக்காரர்களா?

வீட்டு விலையை வைத்துப் பார்த்தால் நாட்டின் வசதியான பகுதிகளில் இது ஒன்று. லண்டனில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் அதிகம். ஆனால் ‘பணக்காரத் தொகுதி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் செஷத்தை மறந்தவர்களாவோம்.

செஷம் உழைப்பாளிகளின் ஊர். காலணி, பீர், தூரிகை, பாப்டிஸ்டுகள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) ஆகிய நான்குக்கும் பேர் போன ஊர் என்பார்கள். நான்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஊர்க்காரர்கள் வாயில் அப்படியே நின்றுவிட்டது. சுற்றியிருந்த காட்டு மரத்தில் தூரிகைக் கட்டைகளும் மரச் சாமான்களும் செய்தார்கள். தோல் பதனிட்டுக் காலணி தைத்தார்கள். பின்னாளில் இங்கே வேலைக்கு வந்த பாகிஸ்தான், காஷ்மீர் பின்னணிக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று ஊரின் பிரிக்க முடியாத பகுதி.

அமர்ஷத்துக்கும் ஒரு தொழில் உண்டு. 1940-ல் இங்கே தொடங்கிய கதிரியக்க வேதிப்பொருள் ஆய்வுக்கூடம் பின்னர் அரசு நிறுவனமாகி, மருத்துவமனைகளுக்கான கதிரியக்கப் பொருள்களைத் தயாரித்தது. 1982-ல் மார்கரெட் தாட்சர் அரசு அதைத் தனியாருக்கு விற்றது. பங்குகளுக்கு 24 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அரசு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டது என்று அப்போதே பெரிய சர்ச்சை எழுந்தது. பிரிட்டனின் தனியார்மயக் கதையில் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று இந்தச் சிற்றூரில் எழுதப்பட்டது.

பழைய அரசியல் வரலாறு ஏதாவது உண்டா?

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய அமர்ஷம் ஒரு காலத்தில் இரண்டு எம்.பி.க்களை அனுப்பியது. டிரேக் என்ற நிலக்கிழார் குடும்பம் சொன்னவர்தான் வெல்வார் என்ற நிலை. 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம் அந்தத் தொகுதியை ஒழித்தது. அதற்கும் முன்னால், பைபிளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று நின்ற லொல்லார்டுகள் இங்கே பலமாக இருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களில் சிலர் ஊருக்கு மேலே குன்றில் எரித்துக் கொல்லப்பட்டனர். தந்தையை எரிக்கும் தீயை மகளைக் கொண்டே மூட்டவைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்த இடத்தருகே 1931-ல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதன் முன்னே நிற்கும்போது, தாய்மொழியில் வாசிப்பதற்காக உயிர் கொடுத்தவர்கள் என்ற நினைப்பு ஒரு தமிழ் வாசகனைச் சும்மா விடாது.

இது எப்போதும் கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டையா?

1974 பிப்ரவரித் தேர்தலில் இந்தத் தொகுதி பிறந்தது. அப்போதிலிருந்து 2021 வரை 47 ஆண்டுகள் கன்சர்வேட்டிவ்தான். அதுவும் இரண்டே எம்.பி.க்கள்.

முதலில் இயன் கில்மோர். தாட்சரின் கடும் பொருளாதாரக் கொள்கையை அமைச்சரவைக்குள்ளேயே இருந்து எதிர்த்தவர். 1981-ல் அவரை நீக்கினார்கள். பாறையை நோக்கி முழு வேகத்தில் கப்பல் போகும்போது அவ்வப்போது ஒரு ஆளைத் தூக்கிக் கடலில் போட்டுப் பெரிய பயன் இல்லை என்று அன்று அவர் சொன்னதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

1992-லிருந்து ஷெரில் கில்லன். வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவர். 2010 முதல் 2012 வரை வேல்ஸ் விவகார அமைச்சர். 2021 ஏப்ரலில் எம்.பி.யாக இருக்கும்போதே நோயால் இறந்தார். அந்த இடத்துக்குத்தான் இடைத்தேர்தல் வந்தது.

2021 இடைத்தேர்தலில் என்ன நடந்தது?

2021 ஜூன் 17 வாக்குப்பதிவு. லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் சாரா கிரீன் 21,517 வாக்குகள் பெற்றார். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் ஃப்ளீட் 13,489. வித்தியாசம் 8,028. ஒன்றரை ஆண்டுக்கு முன் 2019 பொதுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 16,223 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த இடம் இது. ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு 25 சதவீதப் புள்ளிகள் சாய்ந்தன.

அந்த எண்களில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது லேபர் கட்சியின் எண். 622. மொத்தத்தில் 1.6 சதவீதம். இங்கே வேட்பாளர் கட்டும் டெபாசிட் 500 பவுண்டு. அதைத் திரும்பப் பெற 5 சதவீதம் வேண்டும். நாட்டின் பிரதான எதிர்க்கட்சிக்கே டெபாசிட் போயிற்று. 2017-ல் இதே லேபர் இங்கே 11 ஆயிரத்துக்கு மேல் வாங்கி இரண்டாம் இடத்தில் இருந்தது. அந்த வாக்காளர்கள் காணாமல் போகவில்லை. அதிக வாக்கு வாங்குகிறவருக்கே இடம் என்ற முறையில், ஆளும் கட்சியைத் தோற்கடிக்க வாய்ப்புள்ள வேட்பாளர் யார் என்று கணக்குப் போட்டு அவருக்குக் குத்தினார்கள். யாரும் கூட்டணி அறிவிக்கவில்லை. வாக்காளர்களே மனசுக்குள் கூட்டணி வைத்துக்கொண்டார்கள்.

அந்த மே, ஜூன் மாதங்களில் அமர்ஷம் மேட்டில் நடந்தால் வேலிக்கு வேலி லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஆரஞ்சு நிற வைர வடிவப் பலகைகள். கன்சர்வேட்டிவ் பலகைகள் குறைவாகவே கண்ணில் பட்டன. தேர்தல் முடிந்த மறுநாள் லிபரல் டெமாக்ரட் தலைவர் எட் டேவி செஷத்துக்கு வந்து, கன்சர்வேட்டிவ் கட்சியின் நீல வண்ணம் பூசிய செங்கற்களை அடுக்கிய ஒரு சின்னச் சுவரை ஆரஞ்சுச் சுத்தியலால் தட்டிச் சரித்தார். தெற்கு இங்கிலாந்தின் கன்சர்வேட்டிவ் கோட்டைகளைக் குறிக்கும் ‘நீலச் சுவர்’ என்ற சொல் அதன்பின் நாடு முழுக்கப் பரவியது.

எதனால் இந்தக் கோபம்?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. எல்லாம் ஒரே எடை அல்ல.

மிகப் பழைய காரணம் எச்.எஸ்.2. லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கும் அதிவேக ரயில் பாதை. 2010-ல் திட்டம் வெளியானபோதே அது சில்டர்ன் குன்றுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் என்று தெரிந்தது. தொகுதியில் அதற்கு ஒரு நிலையம்கூடக் கிடையாது. இரைச்சலும் லாரிகளும் தோண்டலும் இவர்களுக்கு, பயணம் பிறருக்கு. கில்லன் தன் கட்சி அரசுக்கு எதிராகவே நாடாளுமன்றத்தில் வாக்களித்தார். அந்தப் போராட்டத்தால் ஒன்று கிடைத்தது. குன்றுகளுக்குள் போகும் சுரங்கத்தின் நீளத்தைக் கூட்டினார்கள். ஆனால் திட்டம் நிற்கவில்லை, 2017-ல் சட்டமாயிற்று.

இரண்டாவது, வீடு கட்டும் விதிகள். 2020 ஆகஸ்டில் போரிஸ் ஜான்சன் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நாட்டின் நிலத்தை வளர்ச்சி, புதுப்பிப்பு, பாதுகாப்பு என்று மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும். வளர்ச்சி மண்டலத்தில் ஒவ்வொரு வீட்டுத் திட்டத்துக்கும் உள்ளூர் மக்கள் ஆட்சேபம் சொல்லும் வாய்ப்பு சுருங்கும். பசுமை வளையம் பாதுகாப்பு மண்டலத்தில்தான் வரும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள், அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. பிரச்சாரத்தில் அந்த அச்சம் அளவுக்கு மீறி ஊதப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எச்.எஸ்.2 விஷயத்தில் பத்து ஆண்டுகள் கத்தியும் கேட்கப்படாத மக்கள், இந்த வாக்குறுதியை நம்ப மறுத்தது இயல்பு.

மூன்றாவது, பிரெக்ஸிட். 2016-ல் இந்தப் பகுதி சுமார் 55 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்று வாக்களித்தது. கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு திசையில் போனது, தொகுதி வேறு திசையில் நின்றது.

பலன் உடனே தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வீட்டுவசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் பதவி இழந்தார். அவர் இடத்துக்கு வந்த மைக்கேல் கோவ் மண்டலத் திட்டத்தைக் கிடப்பில் போட்டார். ஒரு தொகுதியின் வாக்குச்சீட்டு ஒரு தேசியச் சட்டத்தை நிறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அண்மைக் காலத்தில் எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் ‘எங்கள் கொல்லையில் வேண்டாம்’ மனப்பான்மைதானே?

இந்தக் குற்றச்சாட்டை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வராது. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு நர்ஸோ ஆசிரியரோ சொந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. வீடு வைத்திருப்பவர்கள் புது வீடு வேண்டாம் என்றால், அந்தச் சுமை வீடு இல்லாதவர்கள் தலையில் விழுகிறது. இது உண்மை.

அதே சமயம், பசுமை வளையத்தைக் காப்பது சுயநலம் மட்டும் என்று சொல்கிறவர்கள் இங்கே ஒரு நாள் அண்ணாந்து பார்க்க வேண்டும். பிளவுபட்ட வாலும் செம்பழுப்பு உடலுமாக சிவப்புப் பருந்துகள் வட்டமிடும். வேட்டையாலும் விஷத்தாலும் இங்கிலாந்தில் அடியோடு அழிந்துபோன பறவை அது. 1989-லிருந்து 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இன்று வீட்டுக் கூரைக்கு மேலே சீழ்க்கை போலக் கத்திக்கொண்டு பறக்கிறது. லண்டன்வாசிகள் வார இறுதியில் ரயிலேறி வந்து நடப்பதும் இதே காடுகளில்தான்.

நிலையங்களுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே கட்டடம் உள்ள நிலத்தில், வாங்கக்கூடிய விலையில் சிறிய வீடுகள் கட்டினால் இரண்டு தரப்புக்கும் இடம் உண்டு என்பது என் உறுதியான கருத்து. 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகள் பக்கிங்ஹாம்ஷயரின் வீட்டு இலக்கைக் கணிசமாக உயர்த்தியிருப்பதால் இந்தச் சண்டை மறுபடி சூடாகியிருக்கிறது.

எச்.எஸ்.2 இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

இடைத்தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, 2021 மே மாதம், ‘ஃப்ளோரன்ஸ்’ என்ற சுரங்கம் தோண்டும் எந்திரம் எம்25 அருகிலிருந்து கிளம்பியது. பின்னாலேயே ‘சிசிலியா’. ஒவ்வொன்றும் 2,000 டன். 16 கிலோமீட்டர் குடைந்து 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மறுபக்கம் வெளியே வந்தன. மேலே இருப்பவர்களுக்குத் தெரிவது காற்றோட்டக் குழிகள் மட்டும். அவற்றின் மேல் கட்டடத்தைப் பண்ணைக் கொட்டகை மாதிரி வடிவமைத்தார்கள். 2023 மே மாதம் அமர்ஷம் அருகே ஷார்டலோஸில் சுரங்கத்துக்கு மேலே வயலில் நிலம் குழியாக உள்வாங்கியபோது பழைய பயங்கள் திரும்பின. அதே ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டர் வரை போக வேண்டிய பகுதியைப் பிரதமர் ரிஷி சுனக் ரத்து செய்தார். குன்றுகளைத் துளைத்துக்கொண்டிருக்கும்போதே, அதற்குச் சொன்ன பெரிய காரணம் பாதியானது. இங்குள்ளவர்களின் கசப்பை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

செஸ் நதி ஏன் தேர்தலில் பேசப்படுகிறது?

செஷத்தருகே ஊற்றெடுத்து ரிக்மன்ஸ்வர்த்தில் கோல்ன் ஆற்றோடு சேரும் சின்ன நதி. சுண்ணாம்புப் பாறை வழியே வடிந்து வரும் ஊற்று நீர் என்பதால் கண்ணாடி போல இருக்கும். அடியில் கூழாங்கல்லும், நீரோட்டத்தில் தலைமுடி போல அலையும் பாசிச் செடியும், அதில் ஒளியும் ட்ரௌட் மீனும் தெரியும். உலகிலேயே இத்தகைய நதிகள் சுமார் 200 மட்டும். பெரும்பாலானவை இங்கிலாந்தில். அப்படிப்பட்ட நதியில் கன மழைக் காலத்தில் சுத்திகரிக்காத கழிவுநீர் விடப்படுகிறது. வறண்ட ஆண்டுகளில் மேல்பகுதி காய்ந்தும் போகிறது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்த ஊரில் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்காகவே இங்கே குடிவருகிறார்கள் என்பது உண்மையா?

பலர் அப்படித்தான் வருகிறார்கள். இங்கிலாந்தின் பெரும்பகுதி கைவிட்டுவிட்ட ‘இலெவன் ப்ளஸ்’ தேர்வை பக்கிங்ஹாம்ஷயர் இன்னும் வைத்திருக்கிறது. ஆறாம் வகுப்புத் தொடக்கத்தில், செப்டம்பரில், பத்து வயதில் எழுதும் தேர்வு. 121 மதிப்பெண் எடுத்தால், தேர்வில் தேறியவர்களை மட்டும் சேர்க்கும் கிராமர் பள்ளிக்குத் தகுதி. 1624-ல் தொடங்கிய டாக்டர் சாலனர்ஸ் பள்ளி அமர்ஷத்தில் இருக்கிறது. லிட்டில் சால்ஃபான்டில் பெண்கள் பள்ளி, செஷத்தில் இருபாலர் பள்ளி. கட்டணம் இல்லாத அரசுப் பள்ளிகள். ஆனால் வீடு அந்தப் பள்ளி எல்லைக்குள் இருப்பது முக்கியம் என்பதால் கட்டணம் வீட்டு விலையில் ஏறிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளையை ஒரு காலைப் பொழுதில் தரம் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2024-ல் யார் ஜெயித்தார்கள்?

சாரா கிரீன் தக்கவைத்துக்கொண்டார், 5,451 வாக்கு வித்தியாசம். இடைத்தேர்தல் வெற்றி பொதுத் தேர்தலில் கரைந்துவிடும் என்று சொன்னவர்கள் அதிகம், கரையவில்லை. அவரும் கில்லனைப் போல வேல்ஸில் பிறந்தவர், வெல்ஷ் மொழி பேசுபவர்.

இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே வாக்களிக்கலாமா?

கட்டாயம் வாக்களிக்கலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், 18 வயது நிரம்பி, பிரிட்டனில் முறையான விசாவோடு வசித்தால், பதிவு செய்து நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. மாணவர்களுக்கும் பொருந்தும். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் செல்லும். காலை 7 முதல் இரவு 10 வரை சாவடி திறந்திருக்கும். வந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.

ஒரு நாள் போய்ப் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?

மெரில்போன் நிலையத்திலிருந்து சில்டர்ன் ரயில் ஏறினால் அமர்ஷம் சுமார் 40 நிமிடம். பாதாள ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து லண்டன் மெல்லக் கழன்று விழுவதைப் பார்க்க அதுதான் சரி. காலையில் பழைய அமர்ஷம் நெடுந்தெருவும் தியாகிகள் தூணும். மதியம் செஷத்திலிருந்து செஸ் பள்ளத்தாக்கு நடைபாதை. ரிக்மன்ஸ்வர்த் வரை 16 கிலோமீட்டர். முழுவதும் முடியாவிட்டால் லாட்டிமர் கிராமம் வரை நடந்து, மேடேறி சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமர் நிலையத்தில் வண்டி பிடிக்கலாம். மழை பெய்திருந்தால் சுண்ணாம்புச் சேறு வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.